வாசலில் நின்ற இருமல்

கொரோனா காலத்தில், இருமுகிற யாரும் வாசல் தாண்டக் கூடாது என்று பனியன் கம்பெனி முதலாளி தெய்வசிகாமணி உத்தரவு போட்டார்.

“சாதாரண ஃப்ளூ சளியில இருமினாலும் சம்பளம் போகுதுங்க. எல்லாரும் ஃப்ளூ ஊசி போட்டுக்க அரைநாள் லீவு குடுங்க” என்று காவல்காரி மாராத்தாள் கேட்டாள்.

“இருமலைக் காதால கேட்டே சளியா, கொரோனாவான்னு பிரிச்சுச் சொல்லு. அப்புறம் லீவு!” என்று முதலாளி சிரித்தார்.

மறுவாரம் அவர் கார் வந்தது. உள்ளே லொக்கு லொக்கென்று இருமல். மாராத்தாள் கதவைத் திறக்கவில்லை.

“இது வெறும் சளிதான், தொற!”

“எப்படிங்க மொதலாளி பிரிச்சீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க, தொறக்கறேன்.”

முதலாளி இன்னொரு முறை இருமிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. கார் திரும்பியது.

சளி தேறியதும் எல்லாருக்கும் லீவு கொடுத்தார். ஊசி வரிசையில் அவரே முதல் ஆள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, “முடிஞ்சுதா?” என்றார்.

“நர்சம்மா இன்னும் வரவே இல்லீங்க” என்றாள் மாராத்தாள்.