ஏரி மீன் ஏல நோட்டீஸ்

ஏரி மீன் குத்தகையைத் தன் மச்சானுக்கே முடித்துவிட நினைத்தார் பஞ்சாயத்துத் தலைவர் தணிகாசலம். ஆனால் நோட்டீஸ் ஒட்டாமல் ஏலம் விட முடியாதே! பசை காய்ச்சி நோட்டீஸ் ஒட்டுகிற பூங்காவனத்தைக் கூப்பிட்டார்.

“நோட்டீஸ் ஊருக்குள்ளதான் இருக்கணும். ஆனா ஒருத்தனும் கிட்டப் போகாத இடமாப் பாத்து ஒட்டு. ஓரம் கிழிஞ்சாலும் உன் வேலை போச்சு.”

பூங்காவனத்தின் புருஷன் வலை வீசுவதே அந்த ஏரியில்தான். ஆனாலும் அவள், “சரிங்க தலைவரே” என்று பசை வாளியைத் தூக்கினாள்.

அந்த வாரம் முழுக்கத் தலைவர் கல்யாணம், காதுகுத்து என்று காரில் ஊரைச் சுற்றினார். சனங்கள் வழக்கம்போல ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். கார் தாண்டிய பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏலத்தன்று மீன்காரர்கள் மொத்தப் பேரும் வந்துவிட்டார்கள். மச்சான் தலைவரை முறைத்தார்.

“எங்கடி ஒட்டித் தொலைச்சே?” என்று கத்தினார் தலைவர்.

“உங்க கார் பின்னாடிதாங்க. அதுக்குக் கிட்ட வர எவனுக்குத் தைரியம் இருக்கு? போய்ப் பாருங்க, ஒரு ஓரம்கூடக் கிழியலை.”