ஒளிக்கத் தெரியாத ஆட்காட்டி

ஆட்காட்டிக் குருவிக்கு வாய் சும்மா இருக்காது. ஆற்றங்கரையில் ஒரு பாம்பு நெளிந்தால் கத்தும். பாம்பு போய்விட்டால், போய்விட்டது என்றும் கத்தும். மான் தண்ணீர் குடிக்க வந்தால், "மான் வருது! மான் வருது!" என்று அந்த மானிடமே சொல்லும். அதைக் கண்டாலே காட்டில் பாதிப் பேர் வேறு வழியாகப் போய்விடுவார்கள்.

அந்தக் காட்டில் அப்போது ஒரு பெரிய சண்டை. எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். மலைக் கணவாயில் ஒரு பலாமரம் இருந்தது. மரத்தில் தொங்குகிற பழம் குரங்குகளுக்கு, தரையில் விழுகிற பழம் காட்டுப்பன்றிகளுக்கு என்று வெகு காலமாக ஓர் ஏற்பாடு. அந்த வருஷம் பார்த்து மரம் வேரிலே ஒரு காய் காய்த்துத் தொலைத்தது!

"மரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. எங்களோடது!" என்றார் குரங்குத் தலைவர் தாவலார்.

"மண்ணுல கிடக்கு. எங்களோடது!" என்றார் பன்றித் தலைவர் முட்டியார்.

அவ்வளவுதான். குரங்குகள் கல்லும் கையுமாகப் பாறைமேல் ஏறி உட்கார்ந்தன. பன்றிகள் கோரைப்பல்லைத் தீட்டிக்கொண்டு புதருக்குள் நின்றன. கணவாயில் எது அசைந்தாலும் மேலேயிருந்து கல் விழும், கீழேயிருந்து முட்டு விழும். இத்தனையும் இன்னும் பழுக்காத ஒரு காய்க்காக!

கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம். சுற்றிலும் செங்குத்துப் பாறை. உள்ளே போகவும் வரவும் கணவாயை விட்டால் வேறு வழி கிடையாது. அங்கே முயல்கள் குடியிருந்தன. மழை பொய்த்ததில் பள்ளத்துப் புல் எல்லாம் கருகிப்போயிருந்தது. வெளியே மேயப் போகலாம் என்றால் கல்லடி.

ஆட்காட்டிக்கு இறக்கை இருந்ததால் ஒருநாள் பறந்து போய்ப் பார்த்தது. அதன் சிநேகிதி முயலம்மா, குட்டி போட்ட உடம்போடு சுருண்டு கிடந்தாள்.

"பால் வத்திப்போச்சுடி ஆட்காட்டி" என்றாள். "குட்டிங்க கத்தக்கூட மாட்டேங்குதுங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஆட்காட்டி ஆற்றங்கரைக்குப் பறந்தது. ஒரு புல்லைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்தது. அதன் அலகுக்கு அவ்வளவுதான் கொள்ளும். முயலம்மா அந்த ஒற்றைப் புல்லை மென்று விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பது போலப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஆட்காட்டியால் தாங்க முடியவில்லை.

ஆற்றங்கரைக்கு வந்து கத்து கத்தென்று கத்தியது. அன்றைக்குத்தான் காடு அதன் கத்தலைக் காது கொடுத்துக் கேட்டது.

"புல்லு நான் சுமக்கிறேன்" என்றது எருமை. நல்ல மனசு, பெரிய முதுகு, அதிகம் யோசிக்காத சுபாவம்.

"எப்படிக் கொண்டுபோறதுன்னு நான் சொல்றேன்" என்றது கீரி. அதற்குத் தன் மூளைமேல் கொள்ளை ஆசை. "உச்சி வெயில்ல ரெண்டு படையும் கண்ணசரும். எருமைமேல இலைதழையை மூடிடுவோம். பார்க்கிறவனுக்குப் புதர் மாதிரி இருக்கும். சத்தமில்லாமப் போயிடலாம். ஆனா ஒண்ணு, ஆட்காட்டி வரக் கூடாது! அது வந்தா ஊருக்கே தெரிஞ்சுடும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்காட்டி முகம் தொங்கிப்போய் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டது.

உச்சி வெயிலில் ஒரு புதர் மலையேறிப் போயிற்று. புதருக்கு நாலு கால். பின்னால் ஒரு வால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

பாறைமேல் ஒரு குட்டிக்குரங்கு கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தது. "தாத்தா! புதர் நடக்குது!"

"பன்றிங்க ஒளிஞ்சு வருதுங்க! போடு கல்லை!" என்று தாவலார் அலறினார்.

கீழே முட்டியாரும் பார்த்துவிட்டார். "குரங்குங்க ஒளிஞ்சு வருதுங்க! முட்டுங்கடா!"

பாவம் எருமை! மேலே கல்லடி, கீழே முட்டடி. இலை ஒரு பக்கம், புல் ஒரு பக்கம் பறக்க, வந்த வழியே உருண்டு புரண்டு ஓடி வந்து ஆற்றில் விழுந்தது. கீரி அதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"இனிமே கணவாய்ப் பக்கம் ஒரு எறும்புகூட வரக் கூடாது!" என்று இரண்டு தலைவர்களும் கத்தினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் நல்ல ஒற்றுமை.

ஆட்காட்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒளிஞ்சு போனா எதிரின்னுதானே நினைப்பான்? நான் சொல்லிட்டே போறேன்!" என்று நேரே பன்றிகளிடம் பறந்தது.

"நாளைக்குக் காலையில வெயில் ஏறினதும் வருவோம்! ஒரு எருமை, ஒரு கீரி, நான்! எருமைமேல அருகம்புல்லு இருக்கும், வேற ஒண்ணும் இருக்காது! முயலுக்குக் கொண்டுபோறோம்! வேணும்னா அவிழ்த்துப் பாருங்க!"

முட்டியார் யோசித்தார். "முயலுக்குன்னா சரி. நம்ம பசங்க ரெண்டு பேரைத் துணைக்கு அனுப்பட்டுமா?"

"ஐயோ, வேணாம்! உங்க பசங்க கூட வந்தா மேலேயிருந்து கல்லு விழும்."

அடுத்ததாகக் குரங்குகளிடம் போயிற்று. அங்கேயும் அதே பாட்டு. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தாவலார் கண்ணைச் சுருக்கினார். "பன்றிகிட்ட என்னடி சொன்னே?"

"உங்ககிட்ட சொன்னதையேதான் சொன்னேன்! நான் கத்தினது உங்களுக்குக் கேட்கலையா?"

கேட்டிருந்தது. மூன்று மலைக்குக் கேட்டிருந்தது. தாவலார் தாடையைச் சொறிந்துகொண்டே, "புல்லுதானே, வந்து தொலைங்க" என்றார்.

மறுநாள் காலை எருமை கணவாய்க்குள் நுழைந்தது. மேலே வரிசையாகக் குரங்குகள், கீழே வரிசையாகப் பன்றிகள். ஆட்காட்டி எருமையின் முதுகில் நின்று, "வர்றோம்! வர்றோம்! புல்லோட வர்றோம்!" என்று கத்திக்கொண்டே போனது. ஒரு கல்லும் விழவில்லை.

பலாமரத்துக்குப் பக்கத்தில் வந்தபோது புல்லுக்கட்டு சரிந்தது. சரி செய்யலாம் என்று ஆட்காட்டி அலகை உள்ளே விட்டது. புல்லுக்குள் என்னவோ மஞ்சளாகத் தெரிந்தது. ஒரு சீப்பு வாழைப்பழம்!

"கீரி! இது என்ன?"

"மெதுவாப் பேசு!" என்று கீரி பல்லைக் கடித்தது. "குரங்குங்க வழியில மறிச்சா நீட்டிடலாம்னு வெச்சேன். எல்லாம் ஒரு முன்னேற்பாடுதான். யாரும் பார்க்கலை. வாயை மூடிக்கிட்டு வா!"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஆட்காட்டி வாயை மூடிக்கொண்டது.

பள்ளம் இதோ, எட்டிப் பிடிக்கிற தூரத்தில். சொன்னால் பன்றிகள் பாய்ந்துவிடும், முயலம்மாவுக்குப் புல் கிடைக்காது. சொல்லாவிட்டால் இன்றைக்குப் போய்விடலாம். ஆனால் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை என்று கத்தியது இந்த வாய்தானே? நாளைக்கு எவனாவது ஒரு வாழைத்தோலைப் பார்த்துவிட்டால், அப்புறம் இந்த வாய் எவ்வளவு கத்தினாலும் யார் வழி விடுவார்கள்?

"நில்லுங்க! எல்லாரும் நில்லுங்க!" என்று ஆட்காட்டி கத்தியது. "நான் சொல்லாத ஒரு சாமான் இதுல இருக்கு! வாழைப்பழம்! எங்க கீரி குரங்குகளுக்காக ஒளிச்சு வெச்சிருக்கு! எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது!"

கீரி எருமையின் வயிற்றுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

"எங்களுக்கா?" என்றார் தாவலார், நாக்கில் எச்சில் ஊற.

"அப்போ நீ அவங்க ஆளா?" என்று முட்டியார் சீறிக்கொண்டு வந்தார். கோரைப்பல் எருமையின் தொடையைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டார். பக்கத்திலிருந்த பன்றியைப் பார்த்து, "டேய், இதை யாருடா கண்டுபிடிச்சது? நம்ம ஆளா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. அவளேதான் சொன்னா."

முட்டியார் ஒரு உறுமல் உறுமினார். "கூட வந்தவனையே காட்டிக்கொடுத்துட்டாளே! நாளைக்குப் புல்லுக்குள்ள ஒரு குரங்கு ஒளிஞ்சு வந்தாலும் இவ வாய் சும்மா இருக்காது."

மேலேயிருந்து தாவலாரும் சொன்னார்: "பன்றி ஒளிஞ்சு வந்தாலும் அப்படித்தான். இவ வரட்டும். அந்தப் பழத்தை மட்டும்..."

"பழம் யாருக்கும் கிடையாது!" என்று ஆட்காட்டி சீப்பைக் காலால் எத்திவிட்டது. அது பாறையில் மோதி மோதி, கணவாய் ஓரத்துக் கிடுகிடு பாதாளத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அது விழுந்து முடிகிற வரைக்கும் பாறைமேல் ஐம்பது குரங்குகளும், "ஐயோ... ஐயோ..." என்று முனகின.

எருமை பள்ளத்துக்குள் இறங்கியது. முயல்கள் எல்லாம் புல்லின்மேல் விழுந்தன. முயலம்மா வாய் நிறைய அடைத்துக்கொண்டு, "நீ வர்றது இங்க வரைக்கும் கேட்டுச்சு. நடுவுல சத்தம் நின்னுச்சு பாரு, அப்போ என் உயிரே போயிடுச்சு" என்றாள்.

சாயங்காலம் அவளுக்குப் பால் சுரந்தது. குட்டிகள் முட்டி மோதிக்கொண்டு குடித்தன. வயிறு நிறைந்ததும் நாலும் வீல் வீலென்று கத்தின. அதைவிட நல்ல சத்தம் ஒன்றை ஆட்காட்டி அதுவரை கேட்டதில்லை. சந்தோஷத்தில் அழுதேவிட்டது.

சண்டை மட்டும் ஓயவில்லை. இரண்டு படையும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வேர்ப்பலா பழுத்தது, வெடித்தது, எறும்புகள் தின்று தீர்த்தன. அப்புறமும் கொட்டை யாருக்கு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஆனால் "வர்றோம்! புல்லோட வர்றோம்!" என்ற குரல் கேட்டுவிட்டால், குரங்குகள் கல்லைக் கீழே வைக்கும், பன்றிகள் ஓரமாக ஒதுங்கி நிற்கும். எருமை பாட்டுக்கு நடந்து போகும்.

சண்டைக்கு நடுவே உதவி கொண்டுபோகிறவர் யாரிடமும் எதையும் ஒளிக்கக் கூடாது; இரண்டு பக்கமும் அவரை நம்பினால்தான் பசித்தவருக்கு உணவு போய்ச் சேரும்.