பெரிய எழுத்தில் பரமகுரு

மலைமேல் ஒரு தேயிலைக் கம்பெனி. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து காலி நாற்காலிகளில் உட்கார்ந்துகொள்ளும். அதன் நடுவே ப்ரோகிராம் எழுதுகிறவள் தெய்வானை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

உதவி மேலாளர் பரமகுரு ஒருநாள் அவள் திரையை எட்டிப் பார்த்தார். ஊழியர் பெயர்கள் ஆங்கிலத்தில் சின்னச் சின்ன எழுத்தாக, கனவில் வரும் எறும்புகள் போல ஊர்ந்துகொண்டிருந்தன.

“என் பேரும் வாட்ச்மேன் பேரும் ஒரே மாதிரியா? என்னோடது முழுக்கப் பெரிய எழுத்துல, கேப்பிடல்ல இருக்கணும்.”

“சார், எங்க தொழில்ல அதுக்கு ஒரு வழக்கம் இருக்கு…”

“எனக்கே வழக்கம் சொல்லித் தர்றியா? வேலை வேணுமா, வேண்டாமா?”

“வேணும் சார்” என்றவள், அவர் சொன்னபடியே, வழக்கமும் பிசகாமல் எழுதிவைத்தாள்.

அந்த வருஷம் பரமகுரு மேலாளராக உயர்ந்தார். முதலாளியம்மா முன்னால் புதுப் பதவிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். எல்லாருடையதும் மாறியது. பரமகுரு மட்டும் எத்தனை தடவை ஏற்றினாலும் உதவி மேலாளராகவே நின்றார்.

“இவளை முதல்ல வீட்டுக்கு அனுப்புங்கம்மா” என்றார்.

தெய்வானை நிதானமாகச் சொன்னாள். “முழுக்கப் பெரிய எழுத்துல பேர் வெச்சா, அதுல இருக்கிற எதுவும் என்னைக்கும் மாறக்கூடாதுன்னு எங்க தொழில் வழக்கம்மா. மாத்த விடாம பூட்டியும் வைப்போம். சார்தான் பிடிவாதமா கேட்டார். அவர் சொன்னா இப்பவே சின்ன எழுத்தாக்கிடறேன்.”

முதலாளியம்மா சிரித்தபடி, தெய்வானையை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார். “சொல்லுங்க பரமகுரு.”

பஞ்சு பறப்பது போல ஒரு குரல் வந்தது.

“என்னைச் சின்னதாக்கிடும்மா.”