அரசருக்குப் பதிலாக நடந்தவன்

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் சரியாக நாற்பத்தெட்டு நாள் கெடு வைத்தான். கெடு அவனுடைய தொப்பைக்கு. தவறினால் நாடு கடத்தப்படப் போகிறவன் மட்டும் வேறு ஆள்.

அந்த நாட்டில் குன்றின்மேல் ஒரு முருகன் கோயில். படிகள் இருநூற்றுப் பன்னிரண்டு. திருவிழாவின் முதல் நாள் அரசன் தன் காலால் ஏறிப் போய்க் கொடியேற்ற வேண்டும்; பல்லக்கு மலையேறக் கூடாது. போன வருடம் முப்பதாவது படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க ஒரு நாழிகை ஆயிற்று. ஊரே கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு அறைக்கே பல்லக்கில் போகிறவனுக்கு முப்பது படி பெரிய காரியம்தான்.

வைத்தியர் நாடி பார்த்தார். மருந்து வேண்டாம், தினமும் நடந்தால் போதும். முதலில் நூறு அடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம் என்றார்.

அரசனுக்கு இது பிடிக்கவில்லை. "போருக்கே ஆள் அனுப்புகிறேன். நடப்பதற்கு ஆள் அனுப்பக் கூடாதா?"

சபை யோசித்தது. தளவாய் நயினாரப்பன் மட்டும் யோசிக்கவில்லை. விகடன் சடையப்பனின் பேச்சுக்கு அரசன் சிரிப்பதைப் பல வருடமாகச் சகித்து வந்தவன் அவன். நேர்த்திக்கடனுக்குப் பாதயாத்திரை போக முடியாதவர்கள் பதிலாள் அனுப்புவது உண்டே, புண்ணியம் அனுப்பியவருக்குத்தானே சேருகிறது என்றான். சடையப்பன் அரசருக்குப் பதிலாக நடக்கட்டும். கொடியேற்றத்தன்று அரசரால் ஏற முடியாவிட்டால் அவன் ஒழுங்காக நடக்கவில்லை என்று பொருள். பெண்டாட்டியோடு நாட்டை விட்டுப் போகட்டும்.

"உத்தரவு," என்றான் சடையப்பன். "எங்கே நடப்பது, எப்போது நடப்பது என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்."

வீட்டில் அவன் மனைவி மூட்டை கட்டத் தொடங்கினாள். அம்மிக்கல்லை மட்டும் இப்போதைக்கு நகர்த்த வேண்டாம் என்றான் சடையப்பன்.

அரண்மனை வாசலில் புகார் ஓலை போட ஒரு குடம் உண்டு. பெயர் போடாத ஓலை வந்தால் அரசனே நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது பாட்டனார் காலத்துச் சட்டம். பொய்ப் புகார் எழுதியவனுக்கு நாடு கடத்தல்.

மூன்றாம் நாள் ஓர் ஓலை வந்தது. 'உங்கள் பதிலாள் நடப்பதில்லை. இப்போது மடைப்பள்ளிக்குப் பின்னால் மகிழ மரத்தடியில் இருக்கிறான்.' அரசன் பல்லக்கில் போனான். தூக்கிகளின் சத்தம் கேட்டு எழுந்துகொண்டானோ என்னவோ, சடையப்பன் அங்கே நடந்துகொண்டிருந்தான். மறுநாள் ஓலை யானைக் கொட்டாரம் என்றது. அரசன் இந்த முறை சத்தமில்லாமல் நடந்தே போனான்; வழியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். அங்கேயும் சடையப்பன் நடந்துகொண்டிருந்தான்.

கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று அரசன் முடிவு செய்தான். அதன்பின் தினமும் ஓர் ஓலை. நந்தவனம், படித்துறை, ஏரி மதகு, கடைசியில் மலையடிவாரம். ஒவ்வொரு முறையும் இடம் கொஞ்சம் தள்ளிப் போயிற்று, அரசனும் போனான். இரண்டு நாள் மழையில் ஓலை வரவில்லை. அரசன் குடத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். பல்லக்குத் தூக்கிகள் மட்டும், அரசன் நடந்தே போவதால் வேலையே இல்லாதபோதும், ஏனோ வழக்கம்போல் வியர்த்திருந்தார்கள்.

அரசனின் ஆர்வத்தைக் கண்ட தளவாய், ஓலைகளை எழுதுவது தான்தான் என்று காதோடு சொல்லி ஒரு முத்துமாலை வாங்கிக்கொண்டான்.

நாற்பத்தெட்டாம் நாள் அரசன் இருநூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறினான். நடுவில் ஒருமுறை நின்றான், பின்தங்கிவிட்ட சடையப்பனைக் கூப்பிட.

கொடி ஏறியது. "பார்த்தீரா வைத்தியரே? நடந்தது அவன், இளைத்தது நான்," என்றான் அரசன். வைத்தியர் ஆமென்று தலையாட்டினார். அவருக்கு உத்தியோகம் வேண்டியிருந்தது.

அரசன் தளவாயிடம் திரும்பினான். "நாற்பத்து மூன்று ஓலை எழுதினீர். ஒருநாள்கூட அவன் சும்மா இருந்து நான் பார்க்கவில்லை. பொய்ப் புகாருக்குத் தண்டனை என்ன, தளவாய்?"

தளவாய் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியது நான் இல்லை, பரிசுக்காகச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டான்.

"பின்னே யார்?"

"நான்தான்," என்றான் சடையப்பன். படியில் உட்கார்ந்திருந்தான். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அரசன் தன் இடுப்புக் கச்சையைத் தொட்டுப் பார்த்தான். மடைப்பள்ளியிலிருந்து மலையடிவாரம் வரை மனதுக்குள் ஒருமுறை போய்த் திரும்பினான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். வெகுநேரம், மூச்சு முட்டாமல் சிரித்தான். முத்துமாலை சடையப்பன் கழுத்துக்கு வந்தது.

"ஆனாலும் சட்டம் உண்டே," என்றான் அரசன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உன்மேல் நீயே எழுதினாலும் பொய்ப் புகார்தானே?"

தளவாயின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"பொய் இல்லை, அரசே," என்றான் சடையப்பன். "நடப்பதில்லை என்று எழுதினேன், நடக்கவில்லை. நீங்கள் வருவது தெரிந்தால் நாலு அடி வைப்பேன், அவ்வளவுதான். மற்றபடி போனது வந்தது எல்லாம் உங்கள் பல்லக்கில்தான். சும்மாதானே கிடந்தது."