இரண்டு வளையங்கள்

கதீஜா பீவியிடம் துப்பாக்கி வேலை கற்றவர்களில் இன்னாசிமுத்து ஒருவர்தான் அவளைவிட வயதில் மூத்தவர். எஸ்டேட் காவல் வேலையை விட்டபின், தலை நரைக்கத் தொடங்கிய காலத்தில் அவளுடைய பட்டறைக்கு வந்து சேர்ந்தார். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார்.

அன்று காலை அவர் வந்தபோது முகம் மழித்திருக்கவில்லை. தோளில் வனத்துறை கொடுத்த ரைஃபிள். கையில் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம்.

பேத்தி ஜெனோவாவைச் சிறுத்தை கொண்டுபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. எஸ்டேட் லயத்து வீடுகளுக்குப் பின்னால், குழாயடியில், பொழுது சாயும் நேரத்தில் அது நடந்தது. யாரோ பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் வலது முன்பாதத்தை இழந்த சிறுத்தை அது. கூண்டு வைத்தார்கள், சிக்கவில்லை. கடைசியில் அந்த நொண்டிச் சிறுத்தையை மட்டும் சுட உத்தரவு வந்தது. நான் சுடுகிறேன் என்று இன்னாசிமுத்து சொன்னபோது, வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பொட்டலத்தை மேசைமேல் பிரித்தார். குறிபார்க்கும் ஸ்கோப்பைத் துப்பாக்கியின் முதுகில் பிடித்து நிறுத்தும் மவுண்ட்டுகள், மூன்று விதம். ஒன்று, நெம்பினால் கழன்று வருவது. ஒன்று, முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக இருப்பது. மூன்றாவது, தனித்தனியாக இரண்டு எஃகு வளையங்கள். தடித்தவை.

“என்னண்ணே, பொண்ணு பாக்கிற மாதிரி மூணு ஜாதகத்தை ஒண்ணாத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?”

அவர் சிரிக்கவில்லை.

“இதுல எது அசையாதுன்னு சொல்லுங்க, வாத்தியாரம்மா.”

“எது அசையக் கூடாது?”

“ஸ்கோப்புதான். வேற என்ன?”

“அப்ப உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதை மாட்டுங்க.”

அவர் எஃகு வளையங்களை எடுத்தார். “யானை இழுத்தாலும் அசையாது” என்றார்.

வளையங்களின் கீழ்ப்பாதிகளைத் துப்பாக்கியில் பொருத்தி, ஸ்கோப்பை வைத்து, மேல்பாதிகளை மூடி முறுக்கினார். கை வலு போதவில்லை. ஸ்க்ரூ முறுக்கும் ஆலன் கீயில் ஒரு குழாய்த் துண்டைச் செருகிக்கொண்டு இன்னும் முறுக்கினார். ஸ்க்ரூ கீச்சென்றது.

“போதும்ண்ணே.”

“போதாது.”

கதீஜா பீவி டீ போட உள்ளே போய்விட்டாள்.

வெயில் ஏறுமுன் கல்குவாரிக்குப் போனார்கள். தாளில் ஒரு கறுப்பு வட்டம் வரைந்து எதிரே ஒட்டினார்கள். இன்னாசிமுத்து மூன்று முறை சுட்டார். நடந்துபோய்ப் பார்த்தார். அந்த மாதத்தில் முதன்முறையாக அவர் குரலில் ஒரு துள்ளல் வந்தது.

“பாத்தீங்களா? மூணும் ஒரே ஓட்டை!”

“வட்டம் எங்கண்ணே இருக்கு?”

வட்டம் ஒரு சாண் தள்ளி, மேலே, கறுப்பு கலையாமல் இருந்தது.

“அது ஸ்கோப்புக் குமிழைத் திருகினா சரியாயிடும்.”

திருகினார். சுட்டார். மீண்டும் திருகினார். குமிழ் அதன் எல்லைவரை போய் நின்றுவிட்டது. குண்டு வட்டத்தின் பக்கம் வரவில்லை.

“ஸ்கோப்பே சரியில்லை. கவர்மெண்ட்டு சாமான் வேற எப்படி இருக்கும்?”

அவள் தாளைப் பிரித்தெடுத்துச் சுருட்டினாள். பட்டறைக்குத் திரும்பியதும் வளையங்களின் மேல்பாதிகளைக் கழற்றினாள். ஸ்கோப்பின் உடலில் இரண்டு இடங்களில், பல் பதிந்ததுபோல் தடம். ஸ்கோப்பைக் கீழ்ப்பாதிகளில் சும்மா கிடத்தி, ஒரு முனையை விரலால் தொட்டாள். மறுமுனை மயிரிழை அளவு எழும்பியது. அந்த முனையைத் தொட்டாள். இந்த முனை எழும்பியது.

“ரெண்டு வளையமும் ஒரே நேர்ல இல்லைண்ணே. நீங்க முறுக்கின முறுக்குல, ஸ்கோப்பு வளைஞ்சுபோய் நின்னிருக்கு. பாவம்.”

ஒரு நேரான எஃகு உருளையை எடுத்து வந்தாள். அதில் இரும்பைத் தேய்த்துச் சமப்படுத்தும் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, இரண்டு வளையங்களிலும் படுக்க வைத்து, அவர் கையில் கொடுத்தாள்.

“முன்னும் பின்னும் தேய்ங்க. அழுத்தாதீங்க.”

அவர் தேய்த்தார். அவள் எதிரே உட்கார்ந்து வேறொரு துப்பாக்கியின் விசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எதைச் சுடப் போறீங்கண்ணே?”

“சிறுத்தையை.”

“எந்தச் சிறுத்தையை?”

“எது முதல்ல வருதோ அதை. மங்கின நேரத்துல காலைப் பாத்துக்கிட்டா இருக்க முடியும்?”

“நொண்டியை மட்டும்னு உத்தரவுல இருக்கே.”

“உத்தரவு போட்டவரு, எம்பேத்தியைத் தூக்கி வளத்தாரா?”

அவள் குனிந்து வளையத்துக்குள் பார்த்தாள். “இந்தப் பக்கம் இன்னும் மேடா இருக்கு.”

அவர் தேய்த்தார். வெகுநேரம் கழித்து அவர் கை நின்றது.

“அந்தப் பிள்ளை வாளியைக் கீழ போடலை, வாத்தியாரம்மா. நாங்க போய்ப் பாத்தப்ப வாளி நேரா நின்னுச்சு. தண்ணி தளும்பாம.”

விசையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி அவள் கையில் அப்படியே இருந்தது. வெளியே ஒரு லாரி ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது.

“தேய்ங்கண்ணே” என்றாள்.

மதியத்துக்குமேல் இரண்டு வளையங்களும் உள்ளே ஒன்றுபோல் மின்னின. அவள் ஸ்கோப்பை மறுபடி கிடத்தினாள். ஒரு முனையைத் தொட்டாள். மறுமுனை எழும்பவில்லை. மேல்பாதிகளை மூடி, ஆலன் கீயை இரண்டு விரலால் பிடித்து முறுக்கினாள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“வெடிக்கிற அதிர்ச்சியில நழுவிடுமே.”

“அது உக்காந்திருச்சுண்ணே. உக்காந்தது எதுக்கு நழுவப் போகுது?”

குவாரியில் குமிழைக் கொஞ்சம் திருகியதும் குண்டு வட்டத்துக்குள் போனது. அடுத்ததும் அங்கேயே போனது. இன்னாசிமுத்து துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்கு நடந்தார்.

குழாயடிக்கு எதிரே பரண் கட்டியிருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் தேயிலைச் செடிகளுக்குள் ஓர் அசைவு தெரிந்தது. சிறுத்தை வெளியே வந்தது. அவர் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். தோள்பட்டை, அதன்மேல் ஸ்கோப்பின் குறுக்குக்கோடு. விரல் விசையில் இருந்தது.

குழாயிலிருந்து சொட்டித் தேங்கிய தண்ணீரை அது குனிந்து குடித்தது. ஜெனோவாவின் வாளி நின்ற இடம்.

அவர் குறுக்குக்கோட்டை மெல்லக் கீழே இறக்கினார். வலது முன்கால் பாதம் ஈரத்தில் முழுதாகப் பதிந்திருந்தது. குறுக்குக்கோட்டை மறுபடி தோள்பட்டைக்கு ஏற்றினார். மறுபடி இறக்கினார். சிறுத்தை குடித்து முடித்து, வாயை நக்கிக்கொண்டு, நான்கு காலும் ஊன்றி நிதானமாக ஏறிப் போனது.

காலையில் அவர் பட்டறைக்கு வந்தார். துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.

“வந்துச்சு, வாத்தியாரம்மா.”

“ம்.”

“நொண்டி இல்லை. வேற ஒண்ணு.”

கதீஜா பீவி ஒரு ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் உட்காரவில்லை.

“லயத்துல ஒருத்தரும் எங்கூடப் பேசலை. பெருசுக்குக் கை நடுங்கிடுச்சுன்னு பயலுக காதுபடச் சொல்றானுங்க. பிள்ளையைப் பெத்த எம்மக கஞ்சியை ஊத்தி வச்சிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. ஏதோ ஒண்ணைச் சுட்டிருந்தா எம்மனசு ஆறியிருக்குமேப்பான்னு அழுவுறா. அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?”

அவள் ஸ்கோப்பின் ஒரு முனையை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கை நடுங்கலை, வாத்தியாரம்மா. சுட்டிருந்தா தப்பியிருக்காது.”

“தப்பியிருக்காதுண்ணே” என்றாள் அவள். “நேத்து காலையிலகூட உங்க மூணு குண்டும் ஒரே ஓட்டையிலதான் போச்சு. வட்டம்தான் வேற இடத்துல இருந்துச்சு.”