சத்தம் புகாத கண்ணாடி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அதன் ஆபீஸ் ஹாலுக்கு நடுவே மேனேஜர் சிவசண்முகம் தனக்கென்று ஒரு கண்ணாடி அறை கட்டிக்கொண்டார். உள்ளே இடியே விழுந்தாலும் வெளியே கேட்காது என்று கண்ணாடிக்காரன் சத்தியம் செய்துவிட்டுப் போனான். ஆனாலும் மேனேஜர் முதலாளியிடம் போனில் திட்டு வாங்கிய சேதி மட்டும், அவர் போனை வைப்பதற்குள் ஹால் முழுக்கப் பரவிவிடும்.

பழி, கண்ணாடி துடைக்கும் மயிலாத்தாள் மேல் விழுந்தது.

"துடைக்கற சாக்குல ஒட்டுக் கேக்கறயா? இல்லைன்னா சேதி எப்படி வெளிய போகுதுன்னு இப்பவே காட்டு. காட்டலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார் மேனேஜர்.

"சரிங்க. நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்ற மயிலாத்தாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டே போனை எடுத்தாள். எடுத்தவள் விருட்டென்று எழுந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து குனிந்து தலையாட்டினாள்.

ஹால் குலுங்கிச் சிரித்தது.

மேனேஜர் கதவைத் தள்ளித் திறந்தார். "முதலாளிகிட்ட நான் இப்படியா பேசறேன்?"

"பேசினது முதலாளிகிட்டன்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது? வெளிய ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?" என்றாள் மயிலாத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டே.

அவள் வேலை தப்பியது. அந்த வாரமே கண்ணாடிக்குத் திரை வந்தது. இப்போதெல்லாம் திரை சரக்கென்று மூடியதும், முதலாளி போனில் வந்துவிட்டார் என்று ஹாலே எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறது.