காணாமல் போன இரண்டு பக்கங்கள்

ஹெப்சிபாவுக்கு முப்பத்திரண்டு வயது. அவளிடம் பியானோ கற்றுக்கொண்ட ஞானசிகாமணிக்கு ஐம்பத்து மூன்று. அவர் அவளை மிஸ் என்பார். அவள் அவரை சார் என்பாள். ஆறு வருஷமாக இப்படித்தான்.

ஞானசிகாமணி நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட். நிமிஷத்துக்கு எண்பது வார்த்தை அடிப்பார். என்ன அடித்தீர்கள் என்று கேட்டால் தெரியாது. "விரலுக்குத்தான் தெரியும்" என்பார், கொஞ்சம் பெருமையாக.

அந்த வருஷம் வேப்பேரியில் நடக்கும் பியானோ போட்டிக்கு, பெரியவர்கள் பிரிவில் பெயர் கொடுத்திருந்தார். வாசிக்கத் தேர்ந்தெடுத்தது பரோக் காலத்து டொக்காட்டா ஒன்று, விரலின் வேகத்தைக் காட்டவென்றே எழுதுகிற வகை இசை. முன்னூறு வருஷத்துப் பழசு. வலது கை ஒரு பேச்சை எடுக்கும். அது முடிவதற்குள் இடது கை அதையே பிடித்துக்கொண்டு பின்னால் ஓடும். நடுவில் ஓர் இடத்தில் இரண்டும் சட்டென்று நின்றுவிடும். அங்கிருந்து இரண்டு பக்கத்துக்கு ஒற்றை ஒற்றைச் சுரங்கள்தான், பெரும்பாலும் இடது கையில். யாரோ பதில் தெரியாத ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது போல. பிறகு மறுபடியும் ஓட்டம்.

ஞானசிகாமணி அந்த இரண்டு பக்கங்களையும் ஓடித்தான் கடந்தார்.

வாசித்து முடித்ததும் முதல் வேலையாகக் கைபேசியைப் பார்ப்பார்.

"நாலு ஐம்பது, மிஸ். போன வாரம் நாலு ஐம்பத்தி நாலு."

"ம்."

"ரூபன் வீடியோவுல நாலு இருபது. பார்த்தீங்களா? விரலே தெரியல."

"பார்த்தேன்."

ரூபன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன். இருபத்தைந்து வயது. அதே டொக்காட்டாவை அவன் வாசித்ததை லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள்.

ஈஸ்டருக்குப் பிறகு இந்த நேரக்கணக்கு முற்றிவிட்டது. ஒருநாள் ஐந்து நிமிஷத்தைத் தொட்டுவிட்டது என்று ஞானசிகாமணி முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நாலு முறை வாசித்தார். நாலு ஐம்பத்தொன்று வந்த பிறகுதான் தண்ணீர் குடித்தார். டம்ளரை வலது கையால் எடுத்தார். இடது கை மடியில் இருந்தது.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் அவர் கேட்டார்.

"மிஸ், ஒண்ணு கேக்கறேன். இந்த மாதிரி இசைக்கு வேகம் முக்கியமா, பாவம் முக்கியமா?"

ஹெப்சிபா பியானோ மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டி தொடக்க விழா. ரூபன்தான் வாசிக்கறார். அவர் வாசிக்கறப்ப நோட்ஸ் புத்தகத்துல பக்கம் திருப்ப ஆள் வேணும்னு என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

"சரி மிஸ்."

"நீங்க போங்க."

"நானா? நான் முன்னால உட்கார்ந்து கேக்கலாம்னு இருந்தேன். மறுநாள் காலையில என் முறை வேற."

"பக்கத்துல நின்னு கேளுங்க."

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் ஆறு வருஷத்தில் மிஸ் சொன்னதை அவர் மறுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. ரூபன் மரியாதையான பையன். கை கொடுத்தான். புத்தகத்தை நிறுத்தி வைத்துக் காட்டினான்.

"நான் தலையசைச்சா திருப்பிடுங்க அங்கிள். அந்த வேகத்துல கண்ணுதான் முன்னால போகணும். லேட் மட்டும் ஆகிடக் கூடாது."

"ஆகாது தம்பி."

பியானோவுக்கு இடப்பக்கம் நாற்காலி போட்டிருந்தார்கள். இடது கையை நீட்டித்தான் பக்கத்தைத் திருப்ப வேண்டும். ஞானசிகாமணிக்கு அது அப்போதுதான் உறைத்தது.

அவருடைய இடது கை ஈஸ்டர் சமயத்தில் நடுங்க ஆரம்பித்திருந்தது. எப்போதும் இல்லை. கையை எதற்காவது நீட்டினால், நிதானமாக எதையாவது பிடித்தால். டாக்டர் அதற்குப் பெயர் ஒன்று சொன்னார், மாத்திரை கொடுத்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஞானசிகாமணிக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. அவர் அப்பாவுக்கும் அதே கைதான். சர்ச்சில் திருவிருந்தின்போது அப்பா திராட்சரசக் கிண்ணத்தை வாங்கினால் போதகர் அதை விடாமல் தானும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். சபையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வருஷத்துக்குப் பிறகு அப்பா திருவிருந்துக்கு எழுந்து போவதையே நிறுத்திவிட்டார்.

வேகமாக வாசித்தால் அந்த நடுக்கம் வெளியே தெரியாது. இதைக் கண்டுபிடித்த அன்றிலிருந்து ஞானசிகாமணி நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தார். வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை.

ரூபன் தொடங்கினான்.

முதல் பக்கத்தின் கடைசி வரி எங்கே இருக்கிறது என்று ஞானசிகாமணி தேடிப் பிடிப்பதற்குள் ரூபன் தலையசைத்தான். அவர் எழுந்து, கையை நீட்டித் திருப்பினார். சரியாக விழுந்தது. உட்கார முடியவில்லை. அடுத்த பக்கம் பாதிக்கு வந்துவிட்டிருந்தது. மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை ஆடியது. தாளும் ஆடியது. சட்டைக்குள் வியர்வை இறங்கியது. ரூபனின் தலையை மட்டும் பார்த்தார்.

தலை அசைந்தது. திருப்பினார்.

இரண்டு தாள்கள் சேர்ந்து வந்துவிட்டன.

அவர் பார்க்கும்போதே நடுப்பகுதியின் இரண்டு பக்கங்களும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, அதற்கு அடுத்த ஓட்டம் எதிரே விரிந்து கிடந்தது. திருப்பிச் சரிசெய்யக் கை போனது. அதற்குள் ரூபனின் விரல்கள் அந்த ஓட்டத்தைப் பிடித்துவிட்டன. நிற்கவில்லை. தடுமாறவில்லை. அப்படியே போய்க்கொண்டிருந்தான்.

ஞானசிகாமணி அரங்கைப் பார்த்தார். யாராவது எழுந்திருப்பார்கள், யாராவது முகம் சுளிப்பார்கள் என்று பார்த்தார். முன்வரிசையில் நடுவர்கள் மூன்று பேரும் முன்னால் சாய்ந்து ரூபனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ரூபன் குனிந்து வணங்கிவிட்டு, ஞானசிகாமணியையும் தோளைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். கைதட்டலுக்கு நடுவில் அவர் காதருகே சொன்னான்.

"ரெண்டு பக்கம் போயிடுச்சுல்ல அங்கிள்? விடுங்க. யாருக்கும் தெரியல."

வெளியே வரும் வழியெல்லாம் பேச்சு. "என்னா ஸ்பீடு! மூச்சு விட முடியல." "வீடியோவைவிட நேர்ல இன்னும் வேகம்." யாரோ நேரம் பார்த்திருந்தார்கள். மூணு நிமிஷம் சொச்சம் என்று சொல்லி வியந்தார்கள்.

ஹெப்சிபா வாசலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"ரெண்டு தாள் சேர்ந்து வந்துடுச்சு."

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"அந்த ரெண்டு பக்கத்தைக் கேக்கத்தான் வந்தேன்."

"வேற யாருக்காவது?"

"கடைசி வரிசையில, என் பக்கத்துல யாரும் அசையல."

அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவ்வளவு பக்கத்துல நின்னீங்களே சார். வாசிப்பு எப்படி இருந்தது?"

அவர் யோசித்தார். ஒரு சுரம்கூட ஞாபகம் வரவில்லை.

"எனக்கு ஒண்ணுமே கேக்கல மிஸ். அடுத்த பக்கம் எப்ப வந்துடுமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

"நீங்க வாசிக்கறப்ப நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கேன். ஈஸ்டர்லேர்ந்து."

ஞானசிகாமணியின் இடது கை தானாகப் பேன்ட் பைக்குள் போனது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஆறு வருஷமா உங்க கையைத்தானே சார் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"அப்ப ஏன் மிஸ் ஒரு வார்த்தை சொல்லல?"

"எங்க சொல்றது? நடுவுல நீங்க இடமே விடலையே."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவைப் பற்றிச் சொன்னார். கிண்ணத்தைப் பற்றிச் சொன்னார். ஸ்கூட்டர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"வேகமா வாசிச்சா கை ஆடறது தெரியாது மிஸ். மெதுவா வாசிச்சா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சுடும்" என்றாள் ஹெப்சிபா.

அவர் ஆறுதலாக ஏதாவது வரும் என்று காத்திருந்தார். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"காலையில பத்து மணிக்கு. நான் கடைசி வரிசையில இருப்பேன்."

மறுநாள் ஏழு பேர் வாசித்தார்கள். ஞானசிகாமணி ஐந்தாவது. அவருக்கு முன்னால் ஒரு பெண் அதே டொக்காட்டாவை அடித்து நொறுக்கிவிட்டுப் போனாள். நல்ல கைதட்டல். அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைப்படியில் கால் இடறியது.

மனப்பாடமாகத்தான் வாசித்தார். எதிரே புத்தகம் இல்லை. தொடக்கம் பழக்கத்தில் பறந்தது. வலது கை ஓட, இடது கை துரத்த, அவருடைய பயம் இரண்டுக்கும் முன்னால் ஓடியது. நடுவிடம் நெருங்கியது.

தாண்டிவிடலாம் என்று அப்போது தோன்றியது. நேற்று தாண்டியாகிவிட்டது. இருநூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். இதே நடுவர்கள். இதே அரங்கம். அடுத்த ஓட்டத்தின் முதல் சுரம் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். வலது கை அந்தக் கட்டைக்கு மேல் போய்விட்டது.

அங்கேயே கையை நிறுத்தினார்.

அரங்கில் மின்விசிறிகள் சுற்றும் சத்தம் கேட்டது. மறந்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். முன்வரிசையில் ஒரு நடுவர் தலையைத் தூக்கினார். ஞானசிகாமணி இடது கையை எடுத்து, எல்லோரும் பார்க்க, கட்டையின் மேல் வைத்து, அழுத்தினார்.

விரல் நடுங்கியது. ஒன்றாக வரவேண்டிய சுரம் இரண்டாக உடைந்து வந்தது.

காது சுட்டது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அந்தச் சுரம் முழுவதும் அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு அடுத்ததை வைத்தார். அது சரியாக வந்தது. அதற்கடுத்தது மறுபடியும் உடைந்தது. அதையும் விட்டுவிட்டு ஓடவில்லை. உடைந்தது உடைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பக்கங்களில் இப்படியெல்லாம் இருக்கிறது என்று ஒரு வருஷமாக வாசித்தவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஓரிடத்தில் இடது கை கேட்டதற்கு வலது கை பதிலே சொல்லவில்லை. எழுதியவன் அங்கே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தான்.

பிறகு ஓட்டம் வந்தது. நேற்றைய வேகம் அதில் இல்லை. எப்படி முடித்தார் என்று அவருக்கே நினைவில்லை. உடனே யாரும் கைதட்டவில்லை. பிறகு தட்டினார்கள், உட்கார்ந்தபடியே.

பரிசு ஒன்றும் வரவில்லை. மதிப்பெண் தாளில் ஒரு வரிதான் எழுதியிருந்தார்கள்: இடது கையில் தெளிவு போதாது.

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஞானசிகாமணி அரங்கத்தின் பின்பக்கம் போனார். எல்லோரும் சாப்பாட்டுக்குக் கலைந்துகொண்டிருந்தார்கள். ஹெப்சிபா கடைசி வரிசையில் இன்னும் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

"கை நடுங்கினது கேட்டுச்சா மிஸ்?"

"கேட்டுச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இங்க வரைக்குமா?"

"நேத்து ரெண்டு பக்கம் காணாமப் போச்சு சார், இந்த வரிசையில ஒருத்தருக்கும் தெரியல. இன்னைக்கு உங்க ஒரு விரல் நடுங்கினது எல்லாருக்கும் கேட்டுச்சு."